அருமை, தொடர்க

பெருங்களத்தூரில் ரயில் ஏறும்போதே குணவதிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. இன்னும் நாள் ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் முடிந்துபோன மாதிரி ஒரு அசதி. ஐம்பத்தேழு வயசுக்கு இதெல்லாம் சகஜம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டான், சகஜம் என்று சொல்ல அவனுக்கென்ன, அவனா நாலே முக்காலுக்கு எழுந்து அரிசி களைகிறான். லேடீஸ் பெட்டியில் ஸ்டெல்லா வழக்கம்போல ஜன்னலோரம் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். கூடுவாஞ்சேரியில் ஏறுகிறவள், ஏறின கையோடு மடியில் டப்பாவைத் திறந்து அவரைக்காய் நார் உரிக்க ஆரம்பித்துவிடுவாள், எழும்பூர் வருவதற்குள் ராத்திரிப் பொரியல் ரெடி. "என்ன குணா, காலங்காத்தாலயே மொகம் செத்துக் கெடக்கு?" என்றாள். "ஒண்ணுமில்ல, மோட்டாரை நிறுத்தினேனான்னு ஞாபகம் வரல" என்று குணவதி உட்கார்ந்தாள். அது பொய்யில்லை. மோட்டார் சுவிட்சை அமுக்கினது நேற்றா இன்றைக்கா என்று ஸ்டேஷன் வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தாள். விரல் அமுக்கின ஞாபகம் இருக்கிறது, ஆனால் அந்த விரல் எந்த நாளுடையது என்று தெரியவில்லை. எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்தால் ஞாபகம்தான் என்ன செய்யும், பாவம். வீட்டில் அவர் இருக்கிறார், தணிகாசலம், ரிட்டயரான மனுஷன், தொட்டி நிரம்பி மாடியிலிருந்து தெருவுக்குக் கொட்டினாலும் பேப்பரை விட்டுத் தலை நிமிர மாட்டார். ஆனால் மோட்டார் மட்டும் இல்லை. இன்றைக்குப் போனில் ஏகாம்பரத்தின் வாய்ஸ் மெசேஜ் வரவில்லை. ஆறே காலுக்கு வரவேண்டியது, ஏழு இருபதுக்குச் செருப்பு மாட்டும்போது பார்த்தாள், வரவில்லை. பஸ் ஸ்டாப் தாண்டும்போது பார்த்தாள். இப்போது உட்கார்ந்ததும் பார்க்கிறாள். நேற்று அவன் அனுப்பினது, அதற்குக் கீழே இவள் போட்ட பதில், அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

ஏகாம்பரம் கூடப்பிறந்த தம்பி. செங்கல்பட்டில் கிளை நூலகத்தில் வேலை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இனி எங்கே. அம்மா படுத்த நாலு வருஷமும் அவன்தான் பார்த்தான். பார்த்தான் என்றால் சும்மா இல்லை, குளிப்பாட்டி, துடைத்து, தலை வாரி, ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு அடியில் பேப்பர் விரித்துப் படுத்து. குணவதி ஞாயிற்றுக்கிழமை போவாள், சில ஞாயிறு போகமாட்டாள், ஆர்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போவாள், சாயந்திரம் ரயிலுக்கு மணியைப் பார்ப்பாள். கடைசியில் அம்மா போன அன்றைக்கு இவள் ஆபீஸில் ஆடிட் என்று உட்கார்ந்திருந்தாள். பதினாறாம் நாள் காரியத்தில், பந்தியில், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இலையில் கை வைத்திருக்கும்போது அவன் சொன்னான்: "அம்மா கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு." அவ்வளவுதான் சொன்னான். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, சாம்பார் வாளியைப் பார்த்துச் சொன்னான். குணவதி சோற்றைப் பிசைந்தது பிசைந்தபடி எழுந்து வந்தவள்தான், மூன்று வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. அப்புறம் ஒரு நாள் காலையில் திடீரென்று அவனிடமிருந்து ஒரு வாய்ஸ். பயந்துகொண்டேதான் தட்டினாள், திட்டப்போகிறான் என்று. அவன் ஒரு கவிதை படித்தான். நூலகத்துப் புஸ்தகத்திலிருந்து, யார் எழுதினது என்றெல்லாம் சொல்லவில்லை, எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை, அக்கா என்றுகூடச் சொல்லவில்லை. பூட்டின வீட்டு வாசலில் கிடக்கிற ஒரு ஜோடிச் செருப்பைப் பற்றி. உலை கொதித்துக் கொட்டி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் இவள் நின்று அழுதாள். "நல்லாருக்கு" என்று பதில் போட்டாள். மறுநாளும் ஒன்று வந்தது. அதற்கு மறுநாளும். இரண்டு வருஷமாகிறது, ஒரு நாள் தவறவில்லை. வேறு பேச்சு கிடையாது, போன் கிடையாது, போக்குவரத்து கிடையாது. அவன் படிப்பான், இவள் கேட்பாள், ஒரு வார்த்தை போடுவாள். இதுதான் அக்கா தம்பி என்று ஆகிவிட்டது.

ஆனால் இரண்டு வருஷம் தினமும் கவிதை கேட்கிறது என்பது, கேட்கிறதுக்குத்தான் அழகு. முதல் ஆறு மாசம் கேட்டாள், நிஜமாகவே கேட்டாள், சிலதை ஆபீஸுக்குப் போகும்போது மறுபடியும் கேட்டாள். அப்புறம் முழங்கால் வலி வந்தது, மகள் பிரசவத்துக்கு வந்தாள், ஆபீஸில் எல்லாக் கோப்பும் கம்ப்யூட்டருக்குப் போகணும் என்றார்கள், காலையில் அந்த ஒன்றரை நிமிஷம் எங்கேயோ தொலைந்துபோயிற்று. வேகத்தைக் கூட்டிக் கேட்டுப் பார்த்தாள், தம்பி அணில் மாதிரி கீச்சுக் கீச்சென்று படித்தான், சிரிப்பாக வந்தது, பாவமாகவும் வந்தது. கேட்காமலே பதில் போடலாம் என்றால் முடியாது. ஆபீஸ் டைப்பிஸ்ட் பெண் சொல்லிக்கொடுத்திருந்தாள், வாய்ஸைத் தட்டிக் கேட்டால்தான் அந்த மைக் படம் நீலமாகும், நீலமானது அனுப்பினவனுக்கும் தெரியும். சரி, நீலம்தானே வேணும். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, உப்பு ஜாடியில் போனைச் சாய்த்துவைத்து, தட்டிவிட்டுத் தேங்காய் துருவினாள். அது பாட்டுக்கு ஓடியது, மைக் நீலமாயிற்று. பதில் போட்டாள். அன்றையிலிருந்து இதுவே பழக்கம், வருஷம் ஒன்று தாண்டிவிட்டது. கற்பூரம் காட்டுகிற மாதிரி, காட்ட வேண்டியது, கும்பிட வேண்டியது, அடுத்த வேலை. பதிலும் அப்படித்தான். ஒரே பதிலாகப் போட்டால் சந்தேகம் வரும் என்று நாலு வைத்திருந்தாள்: அருமை. மனம் நிறைந்தது. சிறப்பு தம்பி. அருமை, தொடர்க. ஒவ்வொரு நாளும் ஒன்று, மாற்றி மாற்றி. ஒருநாள் தணிகாசலம் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்து, "என்னடி, காலையில ஊமைப்படம் ஓட்டறே?" என்றார். சுருக்கென்றது. "உங்களுக்கு வேற வேலை இல்ல" என்று காபியை டொக்கென்று வைத்தாள். அன்றைக்கு மட்டும் சத்தம் வைத்துக் கேட்கலாம் என்று நினைத்தாள், அதற்குள் குக்கர் கத்தியது, விட்டுவிட்டாள்.

தாம்பரத்தில் வண்டி நிறையக் கூட்டத்தை வாங்கிக்கொண்டு நகர மனசில்லாமல் நின்றது. ஒருத்தி முதுகு இவள் மூக்கில் இடித்தது, மல்லிகையும் வேர்வையும் கலந்த வாசனை. ஏன் அனுப்பவில்லை. நெட் இல்லையோ என்னவோ. போன் கெட்டுப்போயிருக்கும். தூங்கியிருப்பான். ஏகாம்பரமாவது தூங்குவதாவது, அம்மாவுக்கு மூன்று மணிக்கு மாத்திரை கொடுத்துப் பழகின கண்ணு. கோபமோ. கண்டுபிடித்துவிட்டானோ. மற்றதெல்லாம் மேலுக்கு நினைத்தது, இதுதான் ஆறே காலிலிருந்து உள்ளே உட்கார்ந்திருந்தது. போன் செய்து பார்க்கலாம். செய்தால் என்ன பேசுவது, "ஏன்டா இன்னிக்கு அனுப்பல"ன்னு கேட்டால், "நேத்து அனுப்பினது எப்படி இருந்துச்சு"ன்னு அவன் கேட்டால்? நேற்று என்ன கவிதை, மழையா, காக்கையா, காதலா, சுத்தமாகத் தெரியாது. சரி, நேற்றையதையாவது கேட்டுவைத்துக்கொள்வோம், அப்புறம் தைரியமாகப் போன் போடலாம் என்று மகள் விட்டுப்போன இயர்போனைப் பையில் துழாவி எடுத்தாள். இடது பக்கம் வேலை செய்யாது. வலது காதில் செருகிக்கொண்டு, சத்தத்தைக் கூட்டினாள், ஒரு வருஷத்துக்கு மேலாகப் பூஜ்யத்தில் கிடந்த சத்தம். "பாட்டா?" என்றாள் ஸ்டெல்லா அவரைக்காயிலிருந்து கண்ணெடுக்காமல். "கவிதை" என்றாள் குணவதி. "அட! உனக்கு ஏதுடி நேரம்" என்று ஸ்டெல்லா நிஜமான ஆச்சரியத்தோடு சொன்னாள்.

கவிதை இல்லை. முதலில் ஒரு இருமல், நாற்காலி இழுக்கிற சத்தம். அப்புறம் அவன் குரல், எவ்வளவு நாளாயிற்று இந்தக் குரலைக் கேட்டு, கரகரவென்று, தொண்டையில் மணல் அப்பின மாதிரி. "யக்கா. நாளைக்குத்தான்க்கா. காலையில ஏழு மணிக்கே வரச் சொல்லிட்டாங்க, பதினோரு மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போவாங்களாம். மயக்க மருந்து குடுத்து அந்தக் கட்டியில கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவாங்களாம். டீக்கடை சம்பத்து கூட வரேன்னிருக்கான். வருவானான்னு தெரியல, அவனுக்கும் கடை இருக்கில்ல. நாளைக்கு வாய்ஸ் வராதுக்கா. போனையெல்லாம் கூட வந்தவங்ககிட்ட குடுத்துட்டு உள்ள போகணும்னாங்க. யார்கிட்ட குடுக்கறது." மறுபடி நாற்காலி இழுக்கிற சத்தம். "சரிக்கா" என்றான், நின்றுவிட்டது. குணவதி திரையைப் பார்த்தாள். அதற்குக் கீழே அவள் கைப்பட, நேற்றுக் காலை ஆறு இருபத்தொன்றுக்கு, அருமை, தொடர்க.

மேலே தள்ளினாள். எங்கேயோ போய் நின்றது, மறுபடி தள்ளினாள். முந்தாநாள், அதற்கு முந்தின நாள், எதிலும் கவிதை இல்லை, யக்கா யக்கா என்றே ஆரம்பித்தது. எங்கே ஆரம்பித்தது இது? வண்டி குரோம்பேட்டை தாண்டும்போது பிடித்துவிட்டாள், பதினேழு நாளுக்கு முந்தின ஒன்று. நாற்பது வினாடி. அதில் பேச்சே இல்லை. ஃபேன் ஓடுகிற சத்தம், கிறீச் கிறீச்சென்று, அம்மா படுத்திருந்த அறையின் அதே ஃபேன், எண்ணெய் போடச் சொல்லி அம்மா கத்துவாளே அது. கடைசியில் மட்டும் மெல்ல, "யக்கா?" என்று ஒரு கேள்வி. அதற்கு இவள் பதில்: மனம் நிறைந்தது. அடப்பாவி! சோதனை வைத்திருக்கிறான். திருட்டுப்பயல், கூடப்பிறந்தவளுக்கே சோதனையா என்று முதலில் கோபம்தான் வந்தது, சுரீரென்று, அது வந்ததில் கொஞ்சம் சௌகரியமாகக்கூட இருந்தது. எனக்கு என்ன கஷ்டம் என்று இவனுக்குத் தெரியுமா, ஒண்டிக்கட்டை, நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிறவன், நாலே முக்காலுக்கு எழுந்து பார்க்கட்டும். அடுத்த நாளுடையதைத் தட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே பேசினான். "நேத்து நான் ஒண்ணுமே படிக்கலக்கா. ஃபேன் சத்தத்தை அனுப்பினேன். மனம் நிறைந்ததுன்னு போட்டே பாரு, சிரிச்சு சிரிச்சு இருமல் வந்துடுச்சு. கோவமில்லக்கா, சத்தியமா. உனக்கு ஆயிரம் வேலை. கேக்காட்டியும் தெனமும் தட்டறியே, அந்த நீலம் வருதே, அதுவே போதும்தான். இன்னொண்ணு சொல்லட்டா? நீ கேக்கலன்னு தெரிஞ்சதும் ஒரு தைரியம் வந்துடுச்சு. யார்கிட்டயும் சொல்ல முடியாததை உன்கிட்ட சொல்லலாம்ல. கழுத்துல ஒரு கட்டிக்கா. பட்டாணி மாதிரி இருந்துச்சு, இப்ப எலந்தப்பழம் சைஸு." அதற்கு இவள்: சிறப்பு தம்பி.

கோபம் போன இடம் தெரியவில்லை. போனால் போகட்டும், அது இருந்த இடத்தில் வேறு ஏதாவது வரவேண்டாமா, அழுகையாவது வரவேண்டாமா, ஒன்றும் வரவில்லை. அசதிதான் வந்தது, எலும்புக்குள்ளிருந்து, வருஷக்கணக்காகச் சேர்ந்த அசதி. பல்லாவரம் வந்தது, போயிற்று. வலது காதில் தம்பி பேசிக்கொண்டே வந்தான், ஒவ்வொரு நாளும் ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை போனபோது நர்ஸம்மா சீட்டை வாங்கிப் பார்த்து, "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டதாகச் சொன்னான். யாரும் வரலை என்றானாம். கையெழுத்துப் போட ஆள் வேணும், மயக்கம் தெளியும்வரை பக்கத்தில் ஆள் வேணும், கூட்டிட்டு வாங்க சார் என்று அனுப்பிவிட்டார்களாம். "அந்தம்மா நல்லவங்கதான்க்கா, அவங்க ரூல் அது." இரண்டாவது தடவையும் அதே கேள்வி. "அம்மாவுக்குக் கூட யாருன்னு கேட்டப்பல்லாம் நான் ஓடிப் போய் நிப்பேன்ல, அது ஞாபகம் வந்து, என்னையறியாம ஒரு அடி முன்னாடி போயிட்டேன். அப்புறம்தான், அட, இப்ப படுக்கப்போறதே நாமதானேன்னு." இதைச் சொல்லிவிட்டு அவன் சிரித்தான். இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல எப்படி வாய் வந்தது அவனுக்கு. இன்னொன்றில், பந்தியில் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றான். "வாசலைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு, அது நெசம்தான். ஆனா உன்னைத்தான் பாத்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும். கடைசியில யாரு எதைப் பாக்கறாங்கன்னு யாருக்குத் தெரியும். உன்னை அடிக்கணும்னு சொன்னேன்க்கா." அதற்கு என்ன பதில் போட்டாள் என்று பார்க்க பயந்து கண்ணை மூடிக்கொண்டாள். பார்க்காவிட்டால் என்ன, நாலில் ஒன்று.

கண்ணை மூடினால் வாசல் வந்தது. செங்கல்பட்டு வீட்டு வாசல், பச்சைக் கதவு, அம்மா கட்டிலிலிருந்து பார்க்கிற கோணத்தில். யாரும் வரவில்லை. இவள் வருகிறாள், ஆர்லிக்ஸ் பாட்டிலோடு, மணியைப் பார்த்துக்கொண்டே. மோட்டாரை நிறுத்தினோமா. விரல் அமுக்கின ஞாபகம் இருக்கிறது. தினமும் காலையில் தட்டினது இதே விரல்தானே, தட்டினது ஞாபகம் இருக்கிறது, ஒரு சொல் ஞாபகம் இல்லை. பதினேழு நாளாக ஒருத்தன் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான், உப்பு ஜாடியில் சாய்ந்து, வாய் மட்டும் அசைகிற மாதிரி, இவள் பக்கத்திலேயே நின்று தேங்காய் துருவியிருக்கிறாள். இப்போது கேட்டேன் என்று சொன்னால் அவனுக்குக் கூச்சமாகிவிடும். கேட்காதவள் என்று நம்பித்தானே சொன்னான், கேட்டவள் என்று தெரிந்தால் இனிமேல் வாயே திறக்க மாட்டான். சொல்லாமல் இருந்துவிடலாம். இப்படியே ஆபீஸுக்குப் போகலாம், பன்னிரண்டு மணிக்கு ஒரு மீட்டிங் இருக்கிறது, சாயந்திரம் பொதுவாக, "எப்படி இருக்கே" என்று ஒரு வரி போடலாம். நாளைக்குக் காலையில் அவன் வேறு ஏதாவது அனுப்புவான், இவள் நிஜமாகக் கேட்பாள், கேட்காத மாதிரி அருமை என்று போடுவாள். அனுப்புவானா? சம்பத் வரவில்லை என்றால் இன்றைக்கும் அந்த அம்மா கேட்பாள், கூட யாரு என்று. அவன் திரும்பிவிடுவான். எலந்தப்பழம் அதற்குள் என்ன சைஸ் ஆகும். "கிண்டி வருது, நகருங்க, நகருங்க" என்று யாரோ இடித்தார்கள். குணவதி எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது. "ஏய், எங்கடி போறே, இது கிண்டி!" என்று ஸ்டெல்லா கத்தினாள். "என் தம்பிக்குக் கூட ஆள் இல்ல" என்றாள் குணவதி. ஸ்டெல்லா கையில் பாதி உரித்த காயோடு அப்படியே பார்த்தாள், அப்புறம் எழுந்து முன்னால் நின்றவளின் தோளைப் பிடித்து, "எம்மா, வழி விடும்மா, அவசரம்மா" என்று சத்தம் போட்டு இவளுக்கு வழி பண்ணிக்கொடுத்தாள்.

மேம்பாலப் படி ஏறும்போது முட்டி இரண்டும் கத்தின. பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு போன் போட்டாள், அடித்து அடித்து நின்றது. இன்னொரு தடவை போட்டாள், அதுவும் நின்றது. இறங்கி எதிர்ப் பக்கம் வந்ததும் அந்த மைக் படத்தை அழுத்திப் பிடித்தாள். இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவனுக்கு வாய்ஸ் அனுப்பினதில்லை. "ஏகா, நான் அக்கா பேசறேன்" என்றாள், என்னவோ அவனுக்குத் தெரியாத மாதிரி. "கேட்டேன்டா. பொய் சொல்ல மாட்டேன், இன்னிக்குத்தான் கேட்டேன். ரயில்ல உக்காந்து எல்லாத்தையும் கேட்டேன். கிண்டில எறங்கிட்டேன், செங்கல்பட்டு வண்டி வருது, முட்டி வலிதான், ஆனாலும் ஒம்பதரைக்குள்ள வந்துடுவேன். போகாத. திரும்பிப் போயிடாத. கூட யாருன்னு கேட்டா அக்கான்னு சொல்லு." விரலை எடுத்தாள், போய்விட்டது. இரண்டு டிக் வந்தது. மைக் சாம்பல் நிறத்தில் இருந்தது.

வண்டி வந்தது. எதிர்த் திசையில் காலை நேரத்துக்கு இடம் கிடைத்தது, ஜன்னலோரமே கிடைத்தது. உட்கார்ந்து போனையே பார்த்தாள். சாம்பல். திரிசூலத்தில் சாம்பல். பல்லாவரத்தில் சாம்பல். இவள் எத்தனை நாள் உட்கார்ந்து இப்படிப் பார்த்திருக்கிறாள், ஒரு நாளும் இல்லை. அவன் தினமும் பார்த்திருப்பான், ஆறே காலிலிருந்து, நீலம் வருதா வருதா என்று. தாம்பரத்தில் வண்டி கிளம்பினபோது நீலமாயிற்று. எழுதுகிறான் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. பதில் வந்தது: அருமை, தொடர்க. குணவதி அதையே திரும்பத் திரும்பப் படித்தாள். கேட்டானா? கேட்டுவிட்டுக் கேலி செய்கிறானா, இல்லை, சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தட்டினானா, இவள் தட்டின மாதிரியே? அவள் அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை, ஃபேன் சத்தத்தை அனுப்பிப் பார்க்கிறவரைக்கும் அவனுக்கும் வழி இருக்கவில்லை. பெருங்களத்தூர் வந்தது, தன் வீட்டு ஸ்டேஷன், மோட்டார் ஓடினால் ஓடிவிட்டுப் போகட்டும். அது தாண்டும்போது கையில் போன் அதிர்ந்தது. வாய்ஸ், ஒன்பது வினாடி. இயர்போனைத் தேடினாள், பைக்குள் எங்கேயோ சிக்கிக்கொண்டிருந்தது, தேடப் பொறுமை இல்லை. சத்தத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றித் தட்டினாள். பெட்டி முழுக்க அவன் குரல் கேட்டது, கரகரவென்று. "யக்கா. சம்பத்து வரல. மாடியில ரெண்டாவது வார்டு, வாசல்லதான் உக்காந்திருக்கேன். படி ஒசரம்க்கா, முட்டியப் பாத்துக்க, மெதுவா வா." எதிர் சீட்டில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "யாரும்மா அது?" என்றாள். "தம்பி" என்று குணவதி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தெனமும் ஒண்ணு அனுப்புவான்."